கண்வலிக்கொடி போன பக்கம்

அன்று காலை நான் போட்ட கோலத்தில் இடது பக்கம் இல்லை. எனக்கு அது தெரியவில்லை.

பக்கத்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மல்லிகாதான் முதலில் பார்த்தாள். மல்லிகா என் நாத்தனார். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"என்ன அண்ணி, மாவு தீந்துபோச்சா? பாதியிலயே எந்திரிச்சிட்ட?"

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? முழுசாத்தான போட்டிருக்கேன்."

"நல்லாப் பாரு. எங்க அண்ணன் வூட்டுக்குப் பாதி வாசல் போதும்னு முடிவு பண்ணிட்டியா?"

பார்த்தேன். கோலம் முழுசாகத்தான் இருந்தது. என்னிடம் வம்பு இழுக்காவிட்டால் இவளுக்குப் பொழுது விடியாது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்ததும், ஒற்றைச் செருப்போடு அடுப்படி வரைக்கும் நடந்ததும் எனக்குத் தெரியாது. அதுவும் மல்லிகா பிறகு சொன்னதுதான்.

வீட்டில் ஒருவருக்கு இந்த மாதிரி வந்து, என்ன ஏது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில்தான் எழுத முடியும். மருந்து, மாத்திரை விஷயமெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாய் ஏன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டிருக்கு?" என்றார். தூக்கம் பத்தவில்லை, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றேன். மதியம் வரைக்கும் படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பெரம்பலூருக்குக் காரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?" என்பதுதான். வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கு ஆரம்பித்ததே தெரியவில்லை. மல்லிகாதான், "காலையில கோலம் போடும்போதே ஆரம்பிச்சிட்டுதுங்க சார், நான்தான் கிண்டல் பண்ணிட்டு நின்னேன்" என்று சொல்லி அழுதாள்.

ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு, ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் போட முடியும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது என்றார் டாக்டர். ஒன்று மட்டும் சொல்கிறேன். வாய் கோணினால், பேச்சு குளறினால், திடீரென்று கை காலில் ஒரு பக்கம் மட்டும் துவண்டால், படுக்க வைக்காதீர்கள். வண்டியில் ஏற்றுங்கள்.

அடைப்பு இருந்தது மூளையின் வலது பக்கத்தில். அதனால் இடது கையும் காலும் துவண்டன. இது எல்லோருக்கும் தெரிந்த ஸ்ட்ரோக்தான். எனக்குக் கூடவே இன்னொன்றும் வந்திருந்தது.

சாப்பாட்டுத் தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "போதும், முடிஞ்சிட்டு" என்பேன். வீட்டுக்காரர் தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பார். "அடடே, இன்னும் இருக்கா?" என்று மீதியைச் சாப்பிடுவேன். தலை வாரினால் இடது பக்க முடி பறந்துகொண்டிருக்கும். கட்டிலுக்கு இடது பக்கம் நின்று யாராவது பேசினால், வலது பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேனாம்.

பிசியோதெரபி (கை காலுக்குப் பயிற்சி கொடுத்து மீட்கும் சிகிச்சை) கொடுக்க வந்த மேடம் சின்ன வயசுப் பெண். ஒரு தாளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்ச பூ ஒண்ணு வரைங்கம்மா" என்றார். ஆவாரம்பூ வரைந்தேன். அவர் அதை வீட்டுக்காரரிடம் காட்டினார். நடுவும், வலது பக்கத்து இதழ்களும் மட்டும் இருந்தனவாம். நான் அஞ்சு இதழும் வரைந்ததாகத்தான் நினைத்தேன்.

"கண்ணுல கோளாறு இல்லீங்க. இதுக்குப் பேரு நெக்ளெக்ட் (உடம்பிலும் வெளியிலும் ஒரு பக்கத்தை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது). இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிற நெனப்பே அவங்களுக்கு இல்ல. இல்லாததைத் தேட மாட்டாங்கல்ல?" என்றார்.

நான் சாதாரணமாகவே பயந்தவள். சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ரோட்டைத் தாண்ட ஊரில் என்னைப்போல் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். அவர் போனை எடுக்கவில்லை என்றால் ஆலையில் என்ன ஆனதோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். அப்படிப்பட்ட எனக்கு, நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒன்று வந்தபோது பயமே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, இவர்கள்தான் பெரிதுபடுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளி பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். கால் மெல்ல மெல்ல ஊன்றியது. கையும் கொஞ்சம் அசைந்தது. அந்த மார்கழியில் என் வாசலுக்கு மல்லிகா கோலம் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கோலத்தை மாதம் முழுவதும் போட்டாள்.

அவர் வேலைக்குப் போகவில்லை. என்னைத் தனியாக விட முடியவில்லை. அடுப்பில் இடது பர்னர் எரிவதைப் பார்க்காமல் முந்தானையை அதன் மேல் போட்டேன் ஒருநாள். இன்னொரு நாள் ரோட்டைத் தாண்டப் போய், இடது பக்கமிருந்து வந்த டூவீலர்க்காரர் பிரேக் போட்டுத் திட்டியதில் ஊரே கூடிவிட்டது. சூப்பர்வைசர் போன் செய்துகொண்டே இருந்தார். மாசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கடைசியில் சொல்லிவிட்டார். என்னைத் தனியாக விடலாமா கூடாதா என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. என் முன்னால் பேச மாட்டார்கள். ஆனால் என் இடது பக்கம் நின்றுகொண்டு பேசுவார்கள். காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு மறந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் சுவர் வந்தது.

எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு நீளமான காம்பவுண்ட் சுவர் ஒன்று உண்டு. போஸ்டர் ஒட்டிக் கிழித்து, ஆண்கள் ஓரமாக நின்று நாறடித்து வைத்திருந்த சுவர். நர்சம்மா அதைச் சுரண்டி வெள்ளை பிரைமர் அடிக்க வைத்தார். எங்கள் மகளிர் குழுவைக் கூப்பிட்டு, "நம்ம காட்டுல, வரப்புல, தானாப் பூக்குற பூவா வரையணும். ரோஜாவும் தாமரையும் எந்த ஊருச் சுவத்துலயும் இருக்கு" என்றார்.

ஆளுக்கொரு பூ என்று முடிவாயிற்று. அவரவர் கொல்லைப் பக்கம் போய்ப் பறித்துக்கொண்டு வந்தார்கள். தும்பை, நெருஞ்சி, கொழுஞ்சி, கண்டங்கத்திரி, துத்தி, எருக்கு, நீலமாகப் பொடிசாகப் பூக்கும் விஷ்ணுகிரந்தி. எல்லாம் முறத்தில் கிடந்ததைப் பார்த்தால், நாளும் மிதித்துக்கொண்டு போகிற பூக்கள் என்று நம்ப முடியவில்லை.

"பார்த்தீனியமும்தான் வெள்ளை வெளேர்னு பூக்குது. அதையும் போட்டுருவமா?" என்றாள் மல்லிகா.

"அது வெளியூர்லேருந்து வந்து குந்திக்கிட்டது. வேணாம்" என்றார் நர்சம்மா.

"நீங்களும் ஜெயங்கொண்டத்துலேருந்து வந்தவங்கதான மேடம்?"

நர்சம்மா சிரித்துவிட்டார்.

யாருக்கும் படம் வரையத் தெரியாது. கோலம் தெரியும். அதனால் சுவரிலும் புள்ளி வைத்துவிடுவோம் என்றாள் குழுத் தலைவி அமுதா. நடுவில் பெரிய ஆவாரம்பூ. அதிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளிகள், கட்டத்துக்கு ஒரு பூ.

ஊரில் பெரிய கோலம் என்றால் புள்ளி வைப்பது நான்தான். திருவிழாவுக்குக் கோயில் வாசல் முழுவதும் அடைத்துப் போடும் கோலத்துக்குக்கூட நடுப்புள்ளியைக் கண்ணால் பார்த்தே வைப்பேன். நூல் பிடித்ததில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி புள்ளி வைக்கும்போது மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். வைத்து முடித்த பிறகு அதைக் கேள்வி கேட்பதும் கிடையாது.

"தமிழக்கா, நீ வந்து நடுவை மட்டும் காட்டிட்டு உக்காந்துக்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் அமுதா.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாக எல்லோரும் என்னிடம் எதையும் கொடுக்காமல், எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைச் சுவரடியில் விட்டுவிட்டு, "நான் ஆலைக்குப் போயி சூப்பர்வைசரைப் பாத்துட்டு வந்துடுறேன். திங்கக்கிழமை வரேன்னு சொல்லப் போறேன்" என்றார். சுவரை அவரும் ஒரு பரீட்சையாகத்தான் வைத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

சுவருக்கு எதிரே நின்றேன். இந்தக் கோடி, அந்தக் கோடி பார்த்தேன். நடுவைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். யாரும் பேசவில்லை. வலது பக்கம் புள்ளி வைத்துக்கொண்டு போனார்கள். சீக்கிரமே சுவர் முடிந்துவிட்டது. அதே எண்ணிக்கையை இடது பக்கமும் வைத்து நிறுத்திக்கொண்டார்கள். கோலத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயிண்டைத் திறந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆவாரம்பூவும் அதைச் சுற்றிய கட்டங்களும் நிறைந்துவிட்டன. நான் நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா அன்று அறுவடையான வெங்காயத்துக்குத் தாள் நறுக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தாள். கையில் வெங்காய வாடையோடு நேராக அங்கேதான் வந்தாள்.

"அந்தப் பக்கம் அம்மாம் எடத்தை யாருக்கு வுட்டு வச்சிருக்கீங்க? மந்திரி வந்து வரையப் போறாரா?"

"எந்தப் பக்கம்?" என்றேன்.

அமுதா மெதுவாக, "அக்கா ஏதோ கணக்கு வச்சிருக்கும்னு நெனச்சோம்" என்றாள்.

மல்லிகா வந்து என் தாடையைப் பிடித்து, முகத்தை இடது பக்கமாகத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். அப்போது பார்த்தேன். வெள்ளைச் சுவர் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் வரைந்த அத்தனையும் சுவரின் வலது பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஏற்பட்டது என்னவென்று எனக்கே முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னபோது தெரியவில்லை. தட்டைத் திருப்பியபோது தெரியவில்லை. ஊர் பார்க்க, அவ்வளவு பெரிதாக, வெள்ளையாக அது நின்றபோது தெரிந்தது.

அவர் வந்தார். சுவரைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்று, "இல்லீங்க சார், திங்கக்கிழமை வர முடியாதுங்க. இன்னும் கொஞ்ச நாளு" என்று பேசினார். இரண்டு வாரம் பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சூப்பர்வைசர் சொன்னதாக வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து பயம் திரும்பி வந்தது. இடது பக்கம் ஏதாவது இருக்குமோ, யாராவது நிற்பார்களோ, கதவு திறந்து கிடக்குமோ என்று எந்நேரமும் உதறல். படபடப்புக்கு மாத்திரை கேட்கலாம் என்று பிசியோ மேடத்திடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "முன்னாடி பயமே இல்லன்னு சொன்னீங்கல்ல? இப்பப் பயம் வருதுன்னா, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு மூளை ஒத்துக்க ஆரம்பிச்சிருக்கு. நல்லதும்மா. தூக்கமே வராத அளவுக்குப் போனா சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேப்போம்."

இவ்வளவு வருஷம் என்னை ஆட்டி வைத்த பயத்தை நல்லது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேடம் சுவரையும் வந்து பார்த்தார். இடது கோடியில் மேலிருந்து கீழே சிவப்பாக ஒரு கோடு போடுங்கள் என்றார். அந்தச் சிவப்பு கண்ணில் படுகிற வரைக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், பட்டால்தான் பார்த்து முடித்ததாக அர்த்தம். அமுதா வீட்டுக்குப் போய்ச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தாள். விசேஷ நாளில் கோலத்துக்குக் கரை கட்டுவோமே, அதே செம்மண். வீட்டிலும் அடுப்பு மேடையின் இடது ஓரத்தில், நிலைப்படியில், கண்ணாடியில் எல்லாம் சிவப்பு டேப் ஒட்டினார் அவர்.

சுவரை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று பேச்சு வந்தது. யாருக்கும் மனசு வரவில்லை. மீதி இடத்தில் இன்னும் நாலு கட்டம் சேர்க்கலாம் என்றாள் ஒருத்தி. சமம் கெட்டுவிடும் என்றாள் இன்னொருத்தி.

"சமம்தான் கெட்டுப்போயி நிக்கிதே. இனிமே என்ன?" என்றாள் மல்லிகா. "கொடியா ஏதாச்சும் வுடுங்க. கொடி எங்க வேணா போவும். அதுக்கு யாரு கணக்குக் கேக்கப் போறா?"

வேலியில் ஏறுகிற கொடி என்றதும் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. செங்காந்தளை எங்கள் பக்கம் கண்வலிப்பூ என்போம். இலையின் நுனியே சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக, தீ எரிகிற மாதிரி நிற்கும். ஆவாரம்பூவின் இடது பக்கத்திலிருந்து கிளம்பி, செம்மண் கோடு வரைக்கும் அந்தக் கொடி போக வேண்டும். கொடியை நான் வரைய வேண்டும். பூவை மற்றவர்கள் போடுவார்கள்.

தினமும் வெயில் தாழ்ந்ததும் போனேன். வலது கையில் பிரஷ். பெயிண்ட் டப்பாவை இடது கைதான் பிடிக்க வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் டப்பா சாய்ந்து புடவையெல்லாம் பச்சை. கையில் டப்பா இருக்கிறது என்பதையே மறந்துவிடுவேன். பிறகு, அது சாயப் போகிறது என்ற பயத்திலேயே கை நினைவில் நின்றது.

கொஞ்ச தூரம் வரைவேன். முடிந்துவிட்டது என்று தோன்றும். பிரஷைக் கீழே வைப்பேன்.

"இன்னும் இருக்கு அண்ணி" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

கொடியைப் பிடித்துக்கொண்டே கண்ணை நகர்த்துவேன். ஓர் இலை, அதன் சுருள், அடுத்த இலை. கொடி நின்ற இடத்துக்குப் பிறகு வெள்ளை. அந்த வெள்ளைக்கு அப்பால் எங்கேயோ சிவப்பு. திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கும். சிவப்பு கிடைத்ததும் மூச்சு வரும். மறுபடி வரைவேன்.

"இன்னும் இருக்கு."

"தெரியுதுடி, கத்தாத."

"தெரிஞ்சா ஏன் பிரஷை வச்ச? தூங்கப் போறியா?"

கொடி நேராகப் போகவில்லை. சில இடத்தில் மேலே ஏறியது, சில இடத்தில் தரைக்கே இறங்கிவிட்டது. நான் சோர்ந்துபோன நாட்களில் எல்லாம் அது கீழே இறங்கியிருப்பதை இப்போதும் பார்க்கலாம். ஒரு நாள் நான் பிரஷைக் கீழே வைத்தேன். பின்னாலிருந்து சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மல்லிகா வேலைக்குப் போயிருந்தாள், மற்றவர்கள் தண்ணீர் குடிக்க நிழலுக்குப் போயிருந்தார்கள். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே, "இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு தலையைத் திருப்பினேன். இருந்தது.

அதற்குப் பிறகு சில நாளில் கொடி செம்மண் கோட்டைத் தொட்டது. அவர் வந்து பார்த்தார். கோடியிலிருந்து கோடி வரைக்கும் நடந்தார்.

"திங்கக்கிழமை போவட்டுமா தமிழு?" என்று கேட்டார்.

"போங்க" என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன்.

"பயமா இருந்தாத்தான் போவேன்" என்றார் அவர்.

நான் பழையபடி ஆகிவிடவில்லை. இடது கையில் இப்போதும் ஊசி பிடிக்க முடியாது. களைத்துப்போனால் இடது பக்கம் மறுபடி நழுவிவிடும். ரோட்டைத் தாண்டும்போது முதலில் இடது தோளை வலது கையால் தொட்டுக்கொண்டு, பிறகு அந்தப் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்க்கிறேன். லாரிக்காரர்கள் நான் பார்த்து முடிக்கும் வரைக்கும் நிற்க மாட்டார்கள். நான் நிற்கிறேன்.

நேரம்தான் மாறிவிட்டது. முன்பு ஒரு வேலை முடிந்தால் முடிந்தது. இப்போது, முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகு கொஞ்ச நேரம் இருக்கிறது. இடது பக்கம் அந்த நேரத்தில்தான் வந்து சேரும். அவசரப்படுத்தினால் வராது.

அவர் வேலைக்குப் போன அந்தத் திங்கட்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தேன். தட்டு காலியாகத்தான் தெரிந்தது. நின்று யோசித்தேன். மறுபடி உட்கார்ந்து, தட்டை அரை வட்டம் திருப்பினேன்.

பாதிச் சோறு இருந்தது.